புற்றுநோய்ச் சிகிச்சையும் செவிலியர் பணியும்: மும்பை தரும் பாடம்

புற்றுநோய் ஒழிப்பைப் பற்றிப் பேசும்போது மருத்துவர், மருந்து, கதிர்வீச்சுக் கருவி ஆகிய மூன்றையே நாம் பெரிதும் எண்ணுகிறோம். திட்டங்களின் ஒதுக்கீடும் இம்மூன்றையொட்டியே அமைகிறது. ஆனால் தொடங்கிய சிகிச்சை முற்றுப்பெறுவதும் இடையில் முறிந்து போவதும் பெருமளவு நான்காவதான ஒன்றைப் பொறுத்தவை. அதுவே செவிலியர் பராமரிப்பு. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏறக்குறைய 14 லட்சம் பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டது. 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். இத்தகைய சுமையைத் தாங்கும் நாட்டில் பராமரிப்பு என்பது சிகிச்சையின் பின்னிணைப்பு அன்று. அதன் ஓர் உறுப்பு. இவ்வுண்மையை மும்பை நகரின் அனுபவத்தைக் கொண்டு இங்கு ஆராயலாம்.

பரேலில் தொடங்கிய பணி

அன்றைய பம்பாயின் பரேல் பகுதியில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941 பிப்ரவரி 28ஆம் நாள் திறக்கப்பட்டது. இரத்தப் புற்றுநோயால் 1931இல் மறைந்த மெஹர்பாய் டாட்டாவின் நினைவு இதன் தோற்றத்துக்குத் தூண்டுகோலாயிற்று. 80 படுக்கைகளுடன் தொடங்கிய இம்மருத்துவமனையை 1957இல் மத்திய சுகாதார அமைச்சகம் ஏற்றது. 1962இல் இது அணுசக்தித் துறையின் பொறுப்புக்கு வந்தது. இன்று நாட்டின் எல்லா மாநிலங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருகின்றனர்.

பரேலிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் மாதுங்காவும் தாராவியும், அவற்றுக்கு அப்பால் செம்பூரும் உள்ளன. மூன்றிலும் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். எனினும் வாழ்க்கை நிலை ஒன்றன்று. மாதுங்காவின் அடுக்குமாடி வீட்டில் பிள்ளைகள் வெளிநாடு சென்றுவிட, முதியோர் இருவர் மட்டுமே இருக்கலாம். தாராவியின் ஓர் அறை வீட்டில் ஆறேழு பேர் இருக்கலாம், குடிநீர் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வரும், கழிப்பறை பொதுவானது. ஒரே நோய்க்கு ஒரே மருந்தைப் பெறும் இவ்விரு நோயாளிகளுக்கும் ஒரே அறிவுரையைத் தந்து அனுப்புவது போதாது.

இடைப்பட்ட இருபது நாட்கள்

கீமோதெரபி என்னும் மருந்துச் சிகிச்சை பெரும்பாலும் சுற்றுச் சுற்றாக அளிக்கப்படுகிறது. பல நோய்களுக்கு 21 நாட்களுக்கு ஒரு சுற்று என்பது வழக்கம். மருந்து ஏற்றும் நாளில் நோயாளி பயிற்சி பெற்ற செவிலியரின் கண்காணிப்பில் இருக்கிறார். அவருடைய உயரம், எடை, இரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சரிபார்த்தல், மருந்தின் அளவை மற்றொரு செவிலியருடன் ஒப்பிட்டு உறுதி செய்தல், மருந்து இரத்தக் குழாயை விட்டுத் தசையில் கசிகிறதா என்று கவனித்தல் ஆகியவை அன்றைய கடமைகள். ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வீக்கமோ தோன்றினால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும். சில மருந்துகள் கசிந்தால் தசையையே அழித்துவிடும்.

மாலையில் நோயாளி வீடு திரும்புகிறார். எஞ்சிய 20 நாட்களும் அவரைக் கவனிப்பவர் மனைவியோ மகளோ மருமகளோதான். சிகிச்சையின் ஆபத்தான நாட்கள் பெரும்பாலும் இந்தக் காலத்திலேயே வருகின்றன.

காய்ச்சல் என்னும் எச்சரிக்கை

புற்றுநோய் அணுக்களைத் தாக்கும் மருந்து எலும்பு மஜ்ஜையையும் தாக்குகிறது. இதனால் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைகின்றன. பல மருந்துகளில், ஏற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரையிலான காலத்தில் இக்குறைவு உச்சத்தை அடைகிறது. அப்போது வரும் காய்ச்சல் மற்றவர்களுக்கு வரும் காய்ச்சலைப் போன்றதன்று. உடல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அளவை எட்டினால் அதை அவசர நிலையாகவே கொள்ள வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருந்தால் சில மணி நேரத்தில் இரத்தத்தில் கிருமி பரவி உயிருக்கே கேடு நேரலாம்.

ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வெப்பமானி இருக்க வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுக்கும் முன் வெப்பத்தை அளந்து குறிக்க வேண்டும். மாத்திரை வெப்பத்தைத் தணித்து நோயை மறைத்துவிடக்கூடும். குளிர் நடுக்கமோ மனத் தடுமாற்றமோ கண்டால் வெப்பம் ஏறாவிட்டாலும் மருத்துவமனையை அடைய வேண்டும். பரேல் வரை செல்ல இயலாத நள்ளிரவில் தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனைக்கேனும் செல்வது நன்று. அப்போது மருந்தின் பெயரும் ஏற்றிய தேதியும் குறித்த அட்டையைக் கையில் கொண்டு செல்வது மிக இன்றியமையாதது. அதைக் கண்ட மருத்துவர் காலம் கடத்தாமல் கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்க இயலும்.

வாயும் உணவும்

வாய்ப்புண் சிறு துன்பமாகத் தோன்றலாம். ஆனால் உண்ண இயலாத நோயாளியின் எடை குறைகிறது. அடுத்த சுற்று தள்ளிப்போகிறது. புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் மிகுந்த நம் நாட்டில், வாயிலேயே கதிர்வீச்சுப் பெறுவோரும் பலர். மெல்லிய தூரிகையால் பல் துலக்குதல், ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து உணவுக்குப் பின்னும் உறங்கும் முன்னும் கொப்பளித்தல், காரமும் புளிப்பும் தவிர்த்தல் ஆகியவை செலவற்ற வழிகள்.

உணவில் பத்தியம் என்னும் பெயரால் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடும் வழக்கம் பல குடும்பங்களில் உண்டு. இது பெருந்தவறு. குழைந்த சோறு, பருப்பு, இட்லி, நன்கு வெந்த முட்டை, காய்ச்சிய பால் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை தருதல் வேண்டும். நீரைக் கொதிக்க வைத்து ஆற்றித் தர வேண்டும். தெருவில் விற்கும் வெட்டிய பழங்களை விலக்க வேண்டும்.

ஓர் அறை வீட்டில்

மருந்து ஏற்றிய பின் ஏறக்குறைய 48 மணி நேரம் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் மருந்தின் எச்சம் வெளியேறுகிறது. அவற்றைத் தூய்மை செய்பவர் கையுறை அணிய வேண்டும்; அழுக்கான துணிகளைத் தனியே துவைக்க வேண்டும்; கழிப்பறையில் இருமுறை நிறைய நீர் ஊற்ற வேண்டும். நீர் வரும் நேரம் குறுகியதாக உள்ள வீட்டில் இந்த இரண்டு நாட்களுக்கெனத் தனியே ஒரு வாளி நீரைச் சேர்த்து வைக்குமாறு முன்கூட்டியே சொல்ல வேண்டும். வீட்டின் நிலையைக் கேட்டறிந்த செவிலியரே இவ்வாறு சொல்ல இயலும்.

மற்றொன்றும் கூறத்தக்கது. புற்றுநோய் தொற்றுநோய் அன்று. நோயாளிக்குத் தனித் தட்டும் தனிக் குவளையும் ஒதுக்கிக் குழந்தைகளை விலக்கி வைப்பது அறியாமையால் விளையும் கொடுமை. உடலுக்கு வெளியிலிருந்து கதிர்வீச்சுப் பெற்றுத் திரும்புபவரின் உடலில் கதிரியக்கம் தங்குவதில்லை. அவர் தம் பேரக் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வதில் எந்தத் தீங்கும் இல்லை. சளி, காய்ச்சல் உள்ளவர்கள் மட்டும் நோயாளியின் நலன் கருதி விலகியிருக்க வேண்டும்.

வலியைத் தணித்தல்

உலக சுகாதார நிறுவனம் 1986இல் புற்றுநோய் வலிக்குப் படிமுறையான மருந்து ஒழுங்கை வகுத்தது. அதே ஆண்டில் மும்பையின் பாந்திராவில் சாந்தி அவேத்னா சதன் தோன்றியது. முற்றிய நோயுடையோரைப் பேணுவதற்கென நம் நாட்டில் அமைந்த முதல் இல்லம் இதுவே. 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கடுமையால் மார்ஃபின் மருந்து கிடைப்பது நெடுங்காலம் அரிதாயிற்று. 2014இல் செய்த திருத்தம் நடைமுறைகளை எளிதாக்கியது.

சட்டம் தளர்ந்தாலும் அச்சம் தளரவில்லை. மார்ஃபின் தந்தால் இறுதி நெருங்கிவிட்டது என்று குடும்பத்தார் கருதி மருந்தை ஒளித்து வைப்பதும் உண்டு. மருத்துவர் குறித்த அளவில், வலி வரும்வரை காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்து உரிய நேரத்தில் தருவதே முறை. தொடக்கத்தில் தோன்றும் மயக்கமும் குமட்டலும் பெரும்பாலும் சில நாட்களில் குறையும். மலச்சிக்கல் மட்டும் நீடிக்கும் ஆதலால் அதற்கான மருந்தையும் உடன் தர வேண்டும். இதனைப் பொறுமையுடன் விளக்குவது செவிலியரின் பணி.

கற்பித்தலும் ஒரு முதலீடு

குறைந்த கல்வியுடையோருக்கு இவற்றைக் கற்பிக்க இயலுமா என்ற ஐயம் எழலாம். மும்பையின் குடிசைப் பகுதிகளில் டாட்டா நினைவு மையம் 1998இல் தொடங்கிய ஆய்வு இதற்கு விடை தருகிறது. பத்தாம் வகுப்புவரை படித்த பெண்களுக்கு நான்கு வாரப் பயிற்சி தந்து, வினிகர்க் கரைசலைக் கொண்டு கருப்பை வாய்ப் புற்றுநோயைக் கண்டறியும் சோதனையை அவர்களிடம் ஒப்படைத்தனர். ஏறக்குறைய 1.5 லட்சம் பெண்களை உட்கொண்ட இவ்வாய்வில், சோதனைக்குரிய பிரிவில் அந்நோயால் நேர்ந்த இறப்பு 31 விழுக்காடு குறைந்ததாக 2013இல் அறிவிக்கப்பட்டது. தெளிவாகக் கற்பித்தால் எளிய மக்களும் திறம்படச் செய்வர் என்பதற்கு இது சான்று. கண்டறிதலில் வெற்றி கண்ட இவ்வழி பராமரிப்பிலும் கையாளத்தக்கது.

2025-26ஆம் ஆண்டு மத்திய வரவுசெலவுத் திட்டத்தில், மூன்றாண்டுகளில் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் பகல்நேரப் புற்றுநோய்ச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்றும், முதலாண்டில் 200 மையங்கள் தொடங்கும் என்றும் அறிவிக்கப்பட்டது. இது வரவேற்கத்தக்கது. நோயாளியின் பயணச் செலவும் தங்கும் செலவும் குறையும். ஆனால் படுக்கையில் நடைபெற்ற பராமரிப்பு அதே அளவில் வீட்டுக்கு இடம்பெயர்கிறது என்பதையும் உணர வேண்டும். கணக்கில் வராத அந்த உழைப்பின் விலையை நாட்கூலியை இழக்கும் மனைவியும் பள்ளியை விட்டு நிற்கும் மகளும் தருகின்றனர். நான்கு சுற்று முடிந்து ஐந்தாவதில் சிகிச்சை கைவிடப்பட்டால், முன்னர் அரசும் குடும்பமும் செய்த செலவின் பயன் பெரிதும் வீணாகிறது.

ஆதலின் ஒவ்வொரு மையத்திலும் பின்வருவனவற்றுக்கு இடமளித்தல் நலம்:

1. வீடு திரும்பும் முன் கவனிப்பவருக்குக் கற்பிக்கும் நேரத்தைச் செவிலியரின் பணி நேரமாகவே கணக்கிடுதல்.

2. அறிவுரையை அவரவர் தாய்மொழியில் தருதல். கேட்டவர் அதைத் தம் சொற்களில் திருப்பிச் சொன்ன பின்னரே அனுப்புதல். மும்பையில் இது மராத்தி, இந்தியுடன் தமிழையும் வேண்டும்.

3. இரவிலும் செவிலியர் ஒருவர் பதில் தரும் தொலைபேசி வசதி.

4. ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே அப்பகுதியின் சுகாதாரப் பணியாளர் ஒருமுறை வீட்டுக்குச் சென்று காணுதல்.

இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. போதிய எண்ணிக்கையில் செவிலியரும், அவர்கள் நோயாளியுடன் அமர்ந்து பேசுவதற்கான நேரமுமே வேண்டும். மையங்களைத் திறக்கும் வேகத்தில் இவ்விரண்டையும் அளித்தால், பரேலில் தொடங்கும் சிகிச்சை தாராவியின் ஓர் அறை வீட்டிலும் முறியாமல் தொடரும்.