கான் சாகிபின் முடிவும் அவர் விட்டுச்சென்ற பெயரும்

போர்த்தொழிலையே வாழ்வாகக் கொண்ட பெருவீரர் பலர் போர்க்களத்தில் மடியாமல், எவரும் எதிர்பாராத இடத்தில், எதிர்பாராத வகையில் உயிர்நீத்திருக்கின்றனர். இரண்டாம் உலகப்போரிற் புகழ்பெற்ற அமெரிக்கத் தளகர்த்தர் பேட்டன், பீரங்கிக் குண்டுகளுக்குத் தப்பி வெற்றியும் கண்டபின், 1945-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் மோட்டார் வண்டி விபத்தொன்றிற் காயமுற்று, அம்மாதம் 21-ஆம் நாள் ஜெர்மானிய நகரத்து மருத்துவமனையொன்றில் இறந்தார். இத்தகைய முடிவு நேர்ந்தவிடத்து, 'இவர் எவ்வாறு மாண்டார்?' என்ற வினாவோடு 'இவர் எதை விட்டுச்சென்றார்?' என்ற வினாவும் உடன் எழுகின்றது. இவ்விரு வினாக்களையும் நம் பாண்டிநாட்டின் படைத்தலைவர் ஒருவரைக் கொண்டு ஈண்டு ஆராய்வாம். அவரே மருதநாயகம் என்றும், முகம்மது யூசுப் கான் என்றும், கம்மந்தான் கான் சாகிபு என்றும் வழங்கப்பெற்றவர்.

இளமையும் ஏற்றமும்

இவர் இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பனையூரில் வேளாளர் குலத்திற் பிறந்து, பின்னர் இசுலாம் சமயம் தழுவினார் என்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. ஆங்கிலக் கும்பினியின் சிப்பாய்ப் படையிற் சேர்ந்து, கிளைவு, ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ஆகியோரின்கீழ்ப் போர்புரிந்தார். பிரெஞ்சுக்காரரும் அவர் துணைவரும் திருச்சிராப்பள்ளியை நெருக்கிய காலத்தில், பகைவர் கண்ணிற்படாமல் உணவு வண்டிகளைப் பாசறைக்குக் கொண்டுவந்து சேர்த்த அரும்பணி இவருடையது. அப்போரின் இறுதியில், 1754-இல், கும்பினியின் சிப்பாய்கள் அனைவர்க்கும் தலைவரானார். 'கமாண்டண்டு' என்னும் அப்பதவிப் பெயரே நம் மக்கள் நாவிற் 'கம்மந்தான்' என உருமாறி, அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 1758-59-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றியபொழுது, முற்றினோரைப் புறத்தே நின்று ஓயாது அலைக்கழித்தவர்களுள் இவர் தலைசிறந்தவர்.

அதன்பின் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆட்சி இவர் கையில் வந்தது. கள்வர் தொல்லை அடங்கியது. ஏரிகளும் கால்வாய்களும் செப்பனிடப்பட்டன. மீனாட்சியம்மன் திருக்கோயிலின் அறக்கட்டளைகள் மீண்டும் நடைபெறத் தொடங்கின. இவையனைத்தும் உண்மையே. ஆயினும் நெற்கட்டுஞ்செவல் புலித்தேவரையும் அவரைச் சார்ந்த பாளையக்காரரையும் கும்பினியின் பீரங்கிகளைக்கொண்டு 1761-இல் அடக்கியவரும் இவரே என்பதை நாம் மறைத்தல் ஆகாது.

பகை விளைந்த காரணம்

ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி, கான் சாகிபு தமக்கு அடங்கிய பணியாளராய் இருத்தல் வேண்டுமென்றார். கும்பினியாரும் நவாபின் பக்கமே சார்ந்தனர். போர்முகத்திற் பெற்ற தலைமையை நவாபின் ஏவலுக்கு உட்படுத்த மனமொவ்வாத கான் சாகிபு, மதுரைக் கோட்டையை வலிமைப்படுத்திப் பிரெஞ்சு வீரரையும் படையிற் சேர்த்துக்கொண்டு, தனியரசராய் நின்றார். 1763-இல் நவாபின் படையும் கும்பினிப் படையும் மதுரையை வளைந்தன.

கோட்டை வீழ்ந்த வகை

இவ்விடத்தில் திருவள்ளுவரை நினைத்தல் தகும். அரண் என்னும் அதிகாரத்தில், கோட்டையைக் கொள்ளப் பகைவர் மேற்கொள்ளும் வழிகள் மூன்று கூறப்படுகின்றன. சூழ்ந்திருந்து முற்றுதல் ஒன்று. பாய்ந்து தாக்குதல் ஒன்று. உள்ளிருப்போர் மனத்தைத் திரித்து வஞ்சனையால் அறைபோக்குதல் மற்றொன்று. இம்மூன்றிற்கும் அசையாததே அரண் என்பது அவர் கொள்கை. மதுரைக் கோட்டைமேல் இம்மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் செலுத்தப்பட்டன.

1763-ஆம் ஆண்டு முற்றுகை மழைக்காலம் வந்தமையாற் பயனின்றி ஒழிந்தது. மறுஆண்டு மேஜர் காம்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை தொடங்கியது. 1764 ஜூன் 26-ஆம் நாள் ஆங்கிலப் படை கோட்டையின்மேற் பாய்ந்தது; பேரிழப்புடன் பின்வாங்கியது. தாக்குதலாற் கோட்டையைக் கொள்ளல் இயலாதென்று கண்ட காம்பெல், உட்செல்லும் உணவை முழுவதும் அடைத்தார். பத்தாண்டுகளுக்குமுன் திருச்சிராப்பள்ளியில் முற்றுகையைக் கடந்து உணவு கொணர்ந்து புகழ்பெற்றவர், தம் கோட்டைக்குள் உணவு வரும் வழி காணாது தவித்தார். அரணுக்கு மதிலின் உயரத்தோடு உள்ளே நிறைந்த உணவும் வேண்டும் என்று வள்ளுவர் வகுத்ததன் பொருளை மதுரை மக்கள் பசியால் அறிந்தனர்.

பசி மிகுந்தபொழுது மூன்றாவது வழி திறந்தது. பிரெஞ்சுத் தலைவர் மார்ச்சாண்டு, திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு ஆகியோர் கூடிச் சதிசெய்தனர். சினமிகுதியால் மார்ச்சாண்டைக் கான் சாகிபு சவுக்கால் அடித்தார் என்றும் கூறுவர். 1764 அக்டோபர் 13-ஆம் நாள், தொழுகையில் இருந்த அவரை இவர்கள் வளைந்து, அவருடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டிப் பகைவர் கையில் ஒப்புவித்தனர். 15-ஆம் நாள் மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தின் அருகில் நவாபின் ஆணையால் அவர் தூக்கிலிடப்பட்டார். மதிலை ஏறி எவரும் அவரைப் பிடிக்கவில்லை. அவர் உண்ட நாழியில் உண்டவரே பிடித்தனர்.

அவர் பிடிபட்ட நாள் சனிக்கிழமை. சுரபி நதிக்கரையில் சனீசுவரர் கோயில்கொண்டுள்ள எம்மூராகிய குச்சனூரில், சனிக்கிழமைதோறும் பல ஊர் மக்கள் வந்து திரளுவர். அப்பெரியோரிடம் இச்செய்தியைச் சொன்னால், 'சனி பிடித்தது. அதற்கு மேல் என்ன?' என்று எளிதில் முடித்துவிடுவர். ஊழின் வலிமையை மறுக்க யான் துணியேன். எனினும் வரலாறு கற்கும் மாணவன், ஊழைச் சொல்வதற்குமுன் உணவுக் குறைவையும், தலைவனின் கடுஞ்சினத்தையும், உடனிருந்தோர் அச்சத்தையும் எண்ணிப் பார்த்தல் கடனாம். உட்பகைக்கெனத் தனியதிகாரம் வகுத்த புலவரும் அதனைக் காத்துக்கொள்ளவே சொன்னார். கோளின்மேற் பழிபோட்டு அமையச் சொன்னாரல்லர்.

எஞ்சி நின்ற பெயர்

இறந்தபின்னும் அவரை அஞ்சினர் என்பதற்கு ஒரு வழக்குச் செய்தி சான்றாகும். தலை திருச்சிராப்பள்ளிக்கும், கைகள் பாளையங்கோட்டைக்கும், கால்கள் தஞ்சைக்கும் எங்கள் பக்கத்துப் பெரியகுளத்துக்கும் அனுப்பப்பட்டன என்றும், எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்தில் அடக்கப்பட்டது என்றும் கூறுவர். அச்சமாதியின்மேல் 1808-இல் எழுந்த சிறு பள்ளிவாசல் கான் சாகிபு பள்ளிவாசல் என இன்றும் வழங்குகின்றது. தேனியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நம் மாணவர் பலர் அதன் அருகே பேருந்திற் கடந்துபோகின்றனர்; இறங்கிப் பார்த்தவர் சிலரே. மதுரை நகரிற் கான்சா மேட்டுத் தெருவும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

அவரைப்பற்றிய எழுத்துச் சான்றுகளை இருவகையாகக் கொள்ளலாம். கும்பினியார் எழுதிவைத்த கடிதங்களைக்கொண்டு ஹில் என்பார் 1914-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார்; அந்நூற்பெயரிலேயே கான் சாகிபு கலகக்காரர் எனப்படுகின்றார். நாட்டுப்புறப் புலவரோ 'கான்சாகிபு சண்டை' என்னும் கதைப்பாடலைப் பாடி வைத்தனர், அதனை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆட்சியாளர் ஏடு கீழ்ப்படியாமையைக் குற்றமாக எழுத, மக்கள் பாட்டு வீரத்தை நினைவிற் கொண்டது. தமிழ் பயிலும் நாம் இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கற்றல் வேண்டும். ஒன்றை மட்டும் கற்போர்க்கு அவர் வெறுங்கலகக்காரராகவோ, மாசற்ற விடுதலை வீரராகவோ தோன்றுவர். அவர் அவ்விரண்டில் ஒன்றாக மட்டும் இருந்தாரல்லர். பிறர் படைக்கருவியாய் நின்று தம் நாட்டாரை அடக்கியவர், தம்மையும் அக்கருவி அடக்கவந்தபொழுது எதிர்த்து நின்றார். காலம் கடந்து வந்த அவ்வெதிர்ப்பிற் புலித்தேவரைப் போன்றோர் துணை அவருக்கு இல்லாமற் போனதற்கு அவரே காரணமாயினார்.

வென்ற நவாபின் வெற்றியும் நெடுநாள் நிற்கவில்லை. 1801-இல், அவர் பேரன் காலத்தில், கருநாடகத்தின் ஆட்சி முழுவதும் கும்பினியின் கைக்குச் சென்றது. தம் ஊழியனை அழிக்க எந்த வாளைக் கடன் வாங்கினாரோ, அவ்வாளே அவர் மரபின் அரசையும் அறுத்தது.

அன்பர்காள்! பெருவீரர் ஒருவரின் இறப்பைக் கேட்டு இரங்குதல் எளிது. அவ்விறப்பிற்கு வழிசெய்த காரணங்களைத் தேர்ந்தறிதல் அரிது. மதிலும் பீரங்கியும் காக்காத தலைவரை, உடனிருப்போரின் உண்மையன்பே காத்திருக்கும். அதனைப் பெறுவதற்கு வீரத்தோடு பொறுமையும் நீதியும் வேண்டும் என்பதே சம்மட்டிபுரத்துச் சமாதி நமக்குக் கற்பிக்கும் பாடம்.