வான்வழி அனுமதி: விமானி அறிய வேண்டியவை

ரேணிகுண்டாவிலுள்ள திருப்பதி விமான நிலையம் முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் புதிய திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கிருந்து ஐதராபாத்துக்குச் செல்லும் விமானத்தின் விமானி, புறப்படுமுன் கட்டுப்பாட்டு நிலையத்தினின்று பாதை அனுமதி பெறவேண்டும்.

இவ்வனுமதியில் பொதுவாக ஐந்து கூறுகள் உள்ளன: எந்த இடம் வரை செல்லலாம் என்னும் எல்லை, செல்லும் வழி, ஏறவேண்டிய உயரம், அடுத்துப் பேசவேண்டிய அலைவரிசை, ரேடார் திரையில் விமானத்தை அடையாளங் காட்டும் நான்கிலக்க எண். இந்த எண்ணில் 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களே வரும். விமானி இவற்றைக் குறித்துக்கொண்டு திருப்பிக் கூறவேண்டும். பிழையிருப்பின் கட்டுப்பாட்டாளர் திருத்துவார். 'புரிந்தது' என்னும் ஒரு சொல் இங்குப் போதாது.

பாதை அனுமதி பெற்றதனாலேயே ஓடுபாதையில் நுழையவோ மேலெழும்பவோ உரிமை கிட்டுவதில்லை. அவற்றுக்குத் தனித்தனி அனுமதி வேண்டும். 1977 மார்ச் 27 அன்று கேனரித் தீவுகளிலுள்ள டெனெரீஃபில், மூடுபனியினூடே, பாதை அனுமதி மட்டும் பெற்றிருந்த கே.எல்.எம். விமானம் புறப்பட ஓடத் தொடங்கி, அதே ஓடுபாதையிலிருந்த பான் அமெரிக்கன் விமானத்தின் மீது மோதியது. 583 பேர் மாண்டனர். அதன்பின், 'டேக்-ஆஃப்' என்னும் சொல்லைப் புறப்பாட்டு அனுமதியை அளிக்கும்போதும் நீக்கும்போதும் மட்டுமே பயன்படுத்துதல் நெறியாயிற்று. ஏனைய வேளைகளில் 'டிபார்ச்சர்' என்பர்.

அனுமதியைக் கேட்பது மட்டுமன்றி, அதன்படி நடத்தலும் இன்றியமையாதது. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே, 14,000 அடிவரை ஏற அனுமதிக்கப்பட்ட சவூதி விமானமும் 15,000 அடிவரை இறங்க அனுமதிக்கப்பட்ட கசாக் விமானமும் எதிரெதிரே வந்தன. கசாக் விமானம் தனக்குரிய உயரத்துக்குக் கீழே இறங்கியமையால் இரண்டும் மோதின. 349 பேர் உயிரிழந்தனர். இரு விமானங்களுக்கும் இடையே வகுக்கப்பட்டிருந்த இடைவெளி 1,000 அடியே.

அனுமதி என்பது பிற விமானங்களினின்று இடைவெளி காப்பதற்காக அளிக்கப்படுவது. விமானியின் பொறுப்பை அது நீக்குவதில்லை. கட்டுப்பாட்டாளர் ரேடார் மூலம் திசைகாட்டும் வேளைகள் நீங்கலாக, மலைகளுக்கு மேல் போதிய உயரத்தில் பறப்பதை விமானியே உறுதி செய்துகொள்ளவேண்டும். ரேணிகுண்டாவுக்கு மேற்கே திருமலைக் குன்றுகள் உயர்ந்து நிற்பதால், இவ்விதி அங்கு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. அளிக்கப்பட்ட அனுமதி தமது விமானத்தின் ஏறுதிறனுக்கோ வானிலைக்கோ பொருந்தாதெனக் கண்டால், 'இயலாது' எனக் கூறி விமானி மாற்று அனுமதி கேட்கலாம். விதிகள் அதற்கு இடந்தருகின்றன.