அஞ்சல் கைமாறும் நேரம்

மாணவர்களே, ஒரு நிறுவனத்தின் மின்னஞ்சல் சேவையிலிருந்து நீங்கள் எழுதும் கடிதம், வேறொரு நிறுவனத்தின் சேவையில் கணக்கு வைத்துள்ள நண்பருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது? இரண்டு இடங்களிலும் கணிப்பொறிகள் வேறு. அவற்றை இயக்கும் மென்பொருள்களும் வேறு. கடிதத்தை உள்ளே எப்படிச் சேமிப்பது என்பது அவரவர் விருப்பம். கைமாற்றும்போது பேசும் பேச்சு மட்டும் பொதுவாக இருக்கவேண்டும். அதைத்தான் நெறிமுறை என்கிறோம். 1982-இல் அமெரிக்காவின் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட 'எளிய அஞ்சல் மாற்ற நெறிமுறை', பல விரிவுகளோடு, இன்றும் வழக்கில் உள்ளது.

அனுப்பும் பொறி கட்டளை கூறும். பெறும் பொறி மூன்றிலக்க எண்ணால் விடை தரும். முதற் கட்டளை 'ஹெலோ'. (ஆங்கிலத்தில் இதை ஓர் 'எல்' குறைத்தே எழுதினார்கள். பிழையன்று, அந்நாளில் கட்டளைகள் எல்லாமே நான்கு எழுத்து!) அனுப்புநர், பெறுநர் முகவரிகளைக் கூறினால் ஒவ்வொன்றுக்கும் 250, அதாவது 'சரி', என்று விடை வரும். அப்படி ஒரு பெறுநரே இல்லையென்றால் 550. பிறகு 'டேட்டா' என்றதும் 354: 'கடிதத்தை அனுப்பலாம்'.

கடிதம் முடிந்துவிட்டது என்பதை எப்படித் தெரிவிப்பது? ஒரு வரியில் புள்ளி மட்டும் தனியே வந்தால் அதுவே முடிவு. சரி, கடிதத்துக்குள்ளேயே நீங்கள் ஒரு வரியில் புள்ளி மட்டும் வைத்திருந்தால்? பாதிக் கடிதம்தானே போகும்? அப்படி ஆகாது. புள்ளியில் தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அனுப்பும் பொறி இன்னொரு புள்ளியைச் சேர்த்துவிடும்; பெறும் பொறி அதை நீக்கிவிடும்.

முடிவுப் புள்ளிக்கு விடையாக வரும் 250 மிக முக்கியமானது. அதைச் சொன்னதும் கடிதத்துக்கான பொறுப்பு பெறும் பொறியைச் சேர்ந்துவிடுகிறது. அதுவரை அனுப்பும் பொறி தன் பிரதியை அழிக்கக்கூடாது.

புள்ளி போய்ச் சேர்ந்து, 250 திரும்பி வருமுன் தொடர்பு அறுந்துவிட்டால்? கடிதம் ஏற்கப்பட்டதா இல்லையா என்று அனுப்பிய பொறிக்குத் தெரியாது. ஆகவே சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பும். நண்பருக்கு ஒரே கடிதம் இருமுறை வரலாம். தொலைவதைவிட இரண்டு வருவது மேல் என்று முடிவு செய்திருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. வராத கடிதத்தைப் பற்றிப் பெறுபவருக்கு எப்படித் தெரியும்? கடிதத்தின் தலைப்பகுதியில் உள்ள அடையாளக் குறி இரு பிரதிகளிலும் ஒன்றாகவே இருக்கும். அதைக் கண்டு சில அஞ்சல் மென்பொருள்கள் ஒன்றை விலக்கிவிடுவதுண்டு.