‘பீடி பிடிப்பாரோ?’

அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்த வாரம், வீட்டுக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டது ஒன்றுதான்: “பீடி பிடிப்பாரோ?”

பிடித்தார். முப்பது வருஷம், நாளுக்கு ஒரு கட்டு. ஆனால் அதே முப்பது வருஷம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போடுகிற வேலையும் பார்த்தார். ஷீட்டை அறுத்த தூசியில் புருவமெல்லாம் வெளுத்திருக்க வருவார். அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிடுவாள். அந்தத் தூசியாலும் நுரையீரல் புற்றுநோய் வரும். பீடியும் அதுவும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. வேலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லித்தான் கேஸ் ஷீட்டில் ஏறியது. வெல்டிங், கல்குவாரி, விறகடுப்பு, வீட்டில் அடுத்தவர் விட்ட புகை எதுவானாலும் டாக்டரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் ஓர் அம்மா. புகையிலையையே தொடாதவர். ஆசியப் பெண்களில் இப்படிப் பலருக்கு வருகிறது; ஈஜிஎஃப்ஆர் மரபணு மாற்றம் இருந்தால் மாத்திரையிலேயே சிகிச்சை உண்டு. பார்க்க வந்த சித்தப்பா, “ஒரு பீடி தொடாத பொம்பளைக்கு வந்திருக்கே, பாவம்” என்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் பாவம் இல்லையாம்!

அதற்கப்புறம் வலித்தாலும் வாய் திறக்கவில்லை. “நானா தேடிக்கிட்டதுதானே தம்பி” என்பார். ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக் கிடப்பார். ஒருநாள் குளியலறையில் பீடித்துண்டைப் பார்த்துவிட்டு நான் கத்தினேன். பலன்? ஒளித்து வைக்கும் இடம்தான் மாறியது. நோய் வந்த பிறகு விட்டாலும் சிகிச்சைக்கு நல்லது என்று டாக்டர் நிதானமாகச் சொல்லி, நிகோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். கத்தி முடியாதது அதில்தான் நடந்தது.

தூக்கம் கெட்டதற்கு மனசு மட்டும் காரணமில்லை. கீமோவோடு கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரைக்கும் பங்கு இருந்தது. நாங்கள் டாக்டரிடம் சொன்ன பிறகுதான் ராத்திரி மாத்திரையைக் காலைக்கு மாற்றினார்கள். சொல்லாமலே ஒரு மாசம் ஓட்டியிருந்தோம்.

“எப்படிப்பா இருக்கு?” என்று கேட்டால் “பரவாயில்ல” என்பார், அதில் ஒன்றும் தெரியாது. மனநல ஆலோசகர் ஒரு வழி சொல்லிக் கொடுத்தார்: மனசின் பாரத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர். எங்கள் வீட்டில் மற்ற அறிவுரைகளைவிட உதவியது இதுதான். பேச வராத ஆம்பளைகளுக்கு நம்பர் வருகிறது. ஆலோசகர் கிடைக்காத ஊர் என்றால் 14416. டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

நேற்று ராத்திரி கேட்டேன். “எட்டு” என்றார்.

“முந்தாநாள் நாலுதானேப்பா?”

“நாளைக்கு ஸ்கேன்ல.”

லைட்டை அணைக்காமல் பக்கத்திலேயே பாயை விரித்துக்கொண்டேன்.