செய்நிரலுட் பொதிந்த வளங்களைப் பெயர்த்தெழுதல்

பழஞ்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்தோர் அனைவரும் எதிர்கொண்ட இடர்ப்பாடு ஒன்றுண்டு. ஏட்டிலே மூலமும் உரையும் இடைவெளியின்றி ஒரே ஓட்டமாகச் செல்லும். மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது, எகர ஏகாரங்கள் வேறுபாடின்றி நிற்கும், காலும் ரகரமும் ஒன்றுபோலத் தோன்றும். செய்யுள் எங்கே முடிந்தது, உரை எங்கே தொடங்கியது என்று தெளிந்து மூலத்தை வேறு பிரித்தெழுதுவதே பதிப்பாசிரியரின் முதற் கடமை. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் (1832–1901) 1887இற் கலித்தொகையை அச்சேற்றியபோதும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவர்கள் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோதும் இத்தகைய உழைப்பே முன்னின்றது. பிறிதொரு நூலினுட் கிடந்தமையாலேயே அழியாது தப்பிய பாடல்களும் உள. முத்தொள்ளாயிரம் முழுநூலாக நமக்குக் கிடைத்திலது. புறத்திரட்டு என்னும் தொகைநூல் தன்னகத்தே பொதிந்து வைத்தமையால் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட செய்யுட்கள் எஞ்சின. தகடூர் யாத்திரையின் நிலையும் ஏறத்தாழ அதுவே.

கணினியைப் பற்றிய கட்டுரைக்கு இப்பீடிகை எதற்கென அன்பர்கள் வினவலாம். சென்ற ஆண்டு யானும் மாணவன் ஒருவனும் ஈடுபட்ட ஒரு பணி இவ்வேட்டுப் பணியையே பெரிதும் ஒத்திருந்தது. அதனை விளக்குவதே என் நோக்கம்.

நம் பழைய மாணவர் சிலர் ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இறுவட்டு ஒன்றை ஆக்கினர். இன்று நம்மிடையே இல்லாத தமிழாசிரியர் ஒருவர் பாடநூற் செய்யுட்களைப் பதம் பிரித்தும் இசை கூட்டியும் படித்த குரல் அதில் இருந்தது. செய்யுளின் பெயரைச் சொடுக்கினாற் குரல் ஒலிக்கும். படம் ஒன்று தோன்றும். அருஞ்சொற்பொருள் கீழே விரியும். யான் அவரிடங் கற்றவன். ஆசிரியத் தொழிலுக்கு வந்தபின்னும் ஒரு செய்யுளை எங்கே நிறுத்திப் படிப்பது என்று ஐயுற்றால் அவ்விறுவட்டையே நாடினேன். சென்ற ஆண்டு அதனைப் புதிய கணினியில் இட்டபோது, தனக்குத் துணைவேண்டிய பழைய மென்பொருட் கூறு ஒன்று இல்லையென முறையிட்டு அச்செய்நிரல் உடனே மூடிக்கொண்டது. வட்டினைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரேயொரு கோப்பு, குரலுமில்லை, படமுமில்லை. உயர்தர வகுப்பிலே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயிலும் மாணவன் ஒருவனிடம் காட்டினேன். அவன் அக்கோப்பின் அளவை நோக்கினான். 170 மெகாபைற்றுக்கு மேல். “சேர், கட்டளைகள் மட்டும் இவ்வளவு இடம் பிடிக்காது. குரலெல்லாம் இதற்குள்ளேதான் இருக்கிறது” என்றான்.

அவன் கூறியது உண்மையே. மேசைக் கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் அதற்கு வேண்டிய படம், ஒலி, எழுத்துரு, சொற்றொடர் முதலியவற்றைத் தனிக் கோப்புக்களாக உடன் அனுப்பலாம். அன்றிச் செய்நிரற் கோப்பினுள்ளேயே பொதிந்து விடலாம். பொதிவதில் நன்மை உண்டு. ஒரே கோப்பாகப் பயணஞ் செய்யும். ஒன்று இருக்க ஒன்று தொலையாது. பயன்படுத்துவோர் அறியாமல் அழித்துவிடவும் மாட்டார். ஆயின், பொதிந்த பொருளின் ஆயுள் பொதிந்த செய்நிரலின் ஆயுளோடு கட்டுண்டு விடுகிறது. செய்நிரல் இயங்க மறுக்கும் நாளிற் குரலும் ஊமையாகிறது. இக்குறையைப் பொதிவோர் அந்நேரத்தில் எண்ணிப் பார்ப்பதில்லை. அவர்களைக் குறைகூறவும் யான் துணியேன்.

விண்டோஸ் செய்நிரற் கோப்பின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். எந்தக் கோப்பும் 0 முதல் 255 வரையுள்ள எண்களின் வரிசையே. ஒவ்வோர் எண்ணையும் ஒரு பைற்று என்பர். செய்நிரற் கோப்பின் முதலிரு பைற்றுக்கள் 77, 90 என்பன. எழுத்தாகப் படித்தால் எம், இசட். மைக்ரோசொப்ட் நிறுவனத்துப் பொறியியலாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துக்கள் அவை. காப்புச் செய்யுளில் தம் பெயர் பொறித்த புலவரைப்போல அவர் இன்றும் ஒவ்வொரு கோப்பின் வாயிலிலும் நிற்கின்றார்! கோப்பின் உள்ளே வளங்களுக்கென ஒரு பகுதி உண்டு. அது மூன்று நிலைக் கிளைகளையுடைய மரம் போன்றது. முதற் கிளை இனத்தைக் கூறும்: படம், சிறுபடம், சொற்றொடர், வகைப்படுத்தப்படாத தரவு என. இரண்டாவது பெயரையோ எண்ணையோ கூறும். மூன்றாவது மொழியைக் கூறும். இந்தியத் தமிழுக்கு 1097 என்றும் இலங்கைத் தமிழுக்கு 2121 என்றும் தனித்தனி எண்கள் இருப்பதை அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை மறைப்பானேன்?

இம்மரத்தைக் காண்பதற்குச் செய்நிரலை இயக்க வேண்டியதில்லை. இதுவே முதலில் மனங்கொள்ள வேண்டியது. ரிசோர்ஸ் ஹாக்கர், செவன்-சிப் ஆகிய இலவச மென்பொருள்கள் அக்கோப்பை வெறுந் தரவாகத் திறந்து கிளைகளை விரித்துக் காட்டும். வேண்டியதை வன்தட்டிற் சேமித்தும் தரும்.

நாங்கள் அங்ஙனம் திறப்பதற்கு முன்னரே ஓரிடர் நேர்ந்தது. என்னிடம் இருந்த வட்டு வெள்ளவத்தைக் கடற்காற்றிற் பல்லாண்டு கிடந்தது. ஒளிக்கெதிரே பிடித்தால் வெள்ளிப் பூச்சிலே ஊசித்துளைகள் தெரிந்தன. அதனை வன்தட்டுக்குப் படியெடுக்க முயன்றபோது பாதிவழியிற் கணினி கைவிட்டது. தனித்தனிக் கோப்புக்களாக இருந்திருப்பின் ஒன்றிரண்டு மட்டும் கெட்டிருக்கும். ஒரே கோப்பாக இருந்தமையால் ஒரு துளை அனைத்தையும் தடுத்தது. கொட்டாஞ்சேனையில் வாழும் பழைய மாணவர் ஒருவர் தம் வீட்டு அலுமாரியிலிருந்து மற்றொரு படியைத் தேடித் தந்தார். அதிலோ கீறல்கள். தரவு வட்டு 2,048 பைற்றுக்கள் கொண்ட சிறு பகுதிகளாகப் படிக்கப்படுவது. டிடிரெஸ்கியூ என்னும் மென்பொருள் படிக்கக்கூடிய பகுதிகளை முதலிற் படித்து, இயலாதவற்றின் இடத்தைக் குறித்துவைக்கும். பின்னர் வேறொரு படியைக் கொடுத்தால் அவ்விடங்களை மட்டும் அதிலிருந்து நிரப்பும். வெள்ளவத்தைப் படியிற் சிதைந்தவற்றுட் பெரும்பாலான கொட்டாஞ்சேனைப் படியில் நலமாக இருந்தன. பாடபேதம் பார்த்து ஏடுகளை ஒப்பிட்டோர் செய்தது வேறென்ன?

பின்னர்ப் பிரித்தெடுக்கும் வேலை. ஆயத்தமாயுள்ள மென்பொருளைக் கொண்டு முடித்திருக்கலாம். ஆயினும் மாணவன் தானே ஒரு சிறு செய்நிரல் எழுதிப் பார்க்க விரும்பினான், யானும் தடுக்கவில்லை. வளத்தைத் தேடுதல், அதன் நீளத்தை அறிதல், நினைவகத்துக்குக் கொணர்தல், அங்கிருந்து புதிய கோப்பாக எழுதுதல் என நான்கே படிகள். சி மொழியில் எழுதி இயக்கினான். கோப்புக்கள் வரிசையாக வந்து விழுந்தன. முதற் செய்யுளைச் சொடுக்கினோம். மழை தகரக் கூரையிற் பெய்வதுபோன்ற இரைச்சல். அவ்விரைச்சலுக்கு அப்பால், கிணற்றடியிலிருந்து வருவதுபோல ஆசிரியரின் குரல். யான் நெடுநேரம் பேசவில்லை.

பிழை எங்கேயென்று காண இரண்டு நாட்கள் சென்றன. கோப்பை எழுதத் திறக்கும்போது அதனை ‘உரை’ என்று திறக்கலாம். ‘இருமம்’ என்றும் திறக்கலாம். அவன் உரையாகத் திறந்துவிட்டான். விண்டோஸ் மரபிற் புதுவரி என்பது 13, 10 என்ற இரண்டு பைற்றுக்கள். சி மொழியிலோ 10 மட்டுமே புதுவரி. ஆகவே, உரையாக எழுதும்போது 10 வருமிடமெல்லாம் அதற்குமுன் ஒரு 13 தானாகவே செருகப்படும். எழுத்துக் கோப்புக்கு அது நற்பணி, குரலுக்கு நஞ்சு. குரலிலே ஒவ்வோர் ஒலியளவும் இரண்டு பைற்றுக்களால் ஆனது. நடுவே ஒன்று மிகுந்தால் அதன்பின் வரும் இணைகள் யாவும் பிறழ்ந்து, ஒன்றன் கடையும் மற்றதன் தலையுமாகக் கூடி இரைச்சலாகும். அடுத்த 13 செருகப்பட்டதும் இணைகள் மீண்டும் பொருந்திக் குரலாகும். அதற்கடுத்ததிற் பின்னும் பிறழும். அவ்வொலிப்பதிவு நொடிக்கு 22,050 அளவுகளாக எடுக்கப்பட்டது. ஆகவே ஒரு நிமிடத்துக்கு 2,646,000 பைற்றுக்கள். எண்கள் சீராக விரவியிருக்குமெனக் கொண்டாலும் ஒரு நிமிடத்துட் பதினாயிரத்துக்கு மேற்பட்ட இடங்களில் 13 புகுந்திருக்கும்.

ஏடு பெயர்த்தெழுதியோருட் கல்லாதவரினும் அரைகுறையாகக் கற்றவரே நூலுக்குப் பெருந்தீங்கு விளைத்தனர் என்பது என் கருத்து. கல்லாதவர் கண்டபடியே எழுதினார். கற்றவரோ ‘இவ்விடத்தில் இச்சொல்லே பொருந்தும்’ எனத் திருத்தி எழுதினார். கணினியும் இங்கே செய்தது அதுவே. மாணவன் ஓரெழுத்தைச் சேர்த்து இருமம் என்று திறக்கச் செய்தவுடன் குரல் தெளிந்தது.

பிரித்தெடுத்தது பழுதற்றதா என அறியும் வழிகளும் உள. பொதியிற் குறித்த நீளமும் வன்தட்டில் எழுதிய கோப்பின் நீளமும் ஒன்றாதல் வேண்டும். ஒரு பைற்று மிகினும் குறையினும் பிழையே. ஒலிக்கோப்பின் ஐந்தாம் பைற்று முதல் எட்டாம் பைற்று வரை, அக்கோப்பின் மொத்த நீளத்தில் எட்டுக் குறைத்த தொகை எழுதப்பட்டிருக்கும், அதனோடும் ஒப்பிடலாம். பிங் வகைப் படக்கோப்பை வகுத்தோர் இன்னும் நுட்பமாகச் சிந்தித்துள்ளனர். அதன் முதல் எட்டுப் பைற்றுக்கள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10 என்பன. யாரேனும் உரையாகக் கருதி 10ஐத் திருத்தினால் அத்தலைவரியே சிதைந்து பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

பழைய பிற்மப் வகைப் படங்கள் வேறொரு வகையில் எங்களை அலைக்கழித்தன. அவை பொதியினுள் வைக்கப்படும்போது கோப்பின் தலையிலுள்ள 14 பைற்றுக்கள் நீக்கப்பட்டு விடுகின்றன. உள்ளபடியே எழுதினால் எந்தப் படங்காட்டியும் திறவாது. அப்பதினான்கையும் நாமே கணக்கிட்டு முன்னே சேர்த்தல் வேண்டும். திருத்தாதே என்று மேலே கூறிய நானே இங்கே சேர்க்கச் சொல்வது முரணன்று. முதலேடு இழந்த சுவடிக்குத் தலைப்பிடுவது வேறு. நடுவேட்டிற் கைவைப்பது வேறு.

அருஞ்சொற்பொருட் பகுதி வெளிவந்தபோது ஆங்கில எழுத்துக்களின் குவியலாகத் தோன்றியது. ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என நின்றது. இலங்கையில் அக்காலத்தே பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் எழுதப்பட்டதென்பது பழகிய கண்ணுக்கு உடனே விளங்கும். ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் பல உண்டு. ஆயினும் பழைய வடிவத்தையும் அழிக்காது உடன்வைத்தோம். மாற்றத்திற் பிழை நேர்ந்திருப்பின் மூலத்தை நோக்க வேண்டுமன்றோ?

செய்நிரல் எழுதப் பயிலும் மாணாக்கருக்குச் சில சொல்வேன். உங்கள் செய்நிரலே தன்னுட் பொதிந்த கோப்பை இயங்கும்போது வன்தட்டில் எழுத நேரிடும். அதனைப் புரோகிராம் பைல்ஸ் கோப்புறையில் எழுத முயலாதீர். சாதாரணப் பயனருக்கு அங்கே எழுதும் உரிமையில்லை. பயனருக்கென உள்ள தரவுக் கோப்புறையில் எழுதுக. முன்னரே அக்கோப்பு இருந்து பயனர் அதனை மாற்றியிருந்தால் அதன்மேல் எழுதி அழித்தல் கூடாது. தற்காலிகப் பெயரில் முழுதும் எழுதி முடித்து, மூடிய பின்னரே உரிய பெயரை இடுக. 2022ஆம் ஆண்டின் நாளாந்த மின்வெட்டைக் கண்ட நமக்கு அரைகுறைக் கோப்பின் துன்பத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. சி ஷார்ப் மொழியில் எழுதுவோர் வளத்தின் பெயரைப் பெயர்வெளியோடு சேர்த்து முழுமையாகக் கூறல் வேண்டும். பெரிய எழுத்துச் சிறிய எழுத்து மாறினும் வெறுமையே விடையாக வரும். அச்செய்நிரலிடமே பெயர்ப் பட்டியலைக் கேட்டு அறிவது நன்று. பிறர் ஆக்கிய செய்நிரலிலிருந்து படமோ எழுத்துருவோ எடுப்பதாயின் உரியவரின் இசைவு வேண்டும். நாங்களும் இறுவட்டை ஆக்கிய பழைய மாணவரிடம் கேட்டுப் பெற்ற பின்னரே தொடங்கினோம்.

பிரித்தெடுத்த குரல்கள் இப்போது தனித்தனிக் கோப்புக்களாகக் கல்லூரி நூலகக் கணினியில் உள்ளன. எந்த மாணவனும் கேட்கலாம். மூன்று செய்யுட்களில் மட்டும் இடையிடையே குரல் அறுகின்றது. அவ்விடங்களில் வெள்ளவத்தைப் படியும் கொட்டாஞ்சேனைப் படியும் ஒருங்கே சிதைந்திருந்தன. அவ்விடங்களை வேறு குரலால் நிரப்பவில்லை; வெற்றிடமாகவே விட்டுவைத்துள்ளோம். இவ்விறுவட்டின் மூன்றாவது படி கொழும்பிலோ கடல் கடந்தோ எவரிடமேனும் இருக்கக்கூடும். வைத்திருப்போர் அது இயங்கவில்லையென்று எறிந்துவிடாமலும், கீறலைப் போக்க மெருகு தேய்க்காமலும், உள்ளபடியே கல்லூரி நூலகத்துக்கு அனுப்பி உதவுவார்களாக.