காணாமல் போன 1678 ஜி.பி.

பதினொன்றாம் வகுப்பில் எண் முறைகள் பாடம் நடத்தும்போது, "இந்த இருநிலை எண்ணெல்லாம் எதுக்கு சார்?" என்ற கேள்வி ஆண்டுதோறும் வரும். இந்த முறை அதற்கு ஒரு ஹார்டு டிஸ்க் பதில் சொன்னது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்யும் எங்கள் முன்னாள் மாணவர்கள் பள்ளிக்கு 4 டி.பி. டிஸ்க் ஒன்று வாங்கித் தந்தனர். அதைப் பொருத்தியதும் எம்.பி.ஆர். முறையா, ஜி.பி.டி. முறையா என்று கணினி கேட்டது. அவசரத்தில் எம்.பி.ஆர். என்று கொடுத்துவிட்டேன். ஆண்டு விழாப் படங்கள், மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டு, பழைய டிஸ்கை வேறு பயன்பாட்டுக்காக அழித்தும் விட்டேன்.

ஒரு வாரம் கழித்து மாணவி ஒருத்தி 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திரையைக் காட்டினாள். 2048 ஜி.பி. மட்டுமே பயன்பாட்டில் இருந்தது, 1678 ஜி.பி. ஒதுக்கப்படாமல் கிடந்தது. "டிஸ்க் பழுதா சார்?"

அதையே பாடமாக்கினேன்.

படி 1: அடையாள அட்டை

பெற்றோர் பலர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் வேலை செய்பவர்கள். எனவே இப்படிக் கேட்டேன்: "கம்பெனி அட்டையில் எண்ணுக்கு நான்கு கட்டம்தான். 0000 முதல் 9999 வரை. எத்தனை பேருக்குத் தரலாம்?"

"10,000 பேருக்கு."

"அடுத்து வருபவர்?"

"ஆள் இருப்பாரு சார், நம்பர் இருக்காது."

படி 2: கணக்கு

டிஸ்கில் 512 பைட் கொண்ட ஒவ்வொரு செக்டாருக்கும் ஓர் எண் உண்டு. எம்.பி.ஆர். முறை 1983இல், 10 எம்.பி. டிஸ்குடன் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. வந்த காலத்தது. அதில் செக்டார் எண்ணுக்கு 32 பிட்கள் மட்டுமே. 2³² = 4,294,967,296. இதை 512ஆல் பெருக்கினால் 2,199,023,255,552 பைட். மூன்று முறை 1024ஆல் வகுத்தால் மிகச் சரியாக 2048 ஜி.பி.! ஜி.பி.டி. முறையில் செக்டார் எண்ணுக்கு 64 பிட்கள். அங்கே இந்தத் தடை இல்லை.

படி 3: இன்னொரு குறை

"2048உம் 1678உம் சேர்ந்தாலும் 3726தானே, 4000 எங்கே?" என்றான் ஒருவன். தயாரிப்பாளர் 4 டி.பி. என்பது 4,000,000,000,000 பைட். அதை விண்டோஸ் 1024ஆல் வகுத்துக் காட்டுவதால் 3725 வரும். டிஸ்கில் சற்றுக் கூடுதல் பைட்கள் இருப்பதால் 3726. இது இழப்பு அல்ல; அளவுகோல் வேறு, அவ்வளவுதான்.

விடை கிடைத்த உற்சாகத்தில் ஜி.பி.டி.க்கு மாற்றப் போனேன். "உள்ள இருக்கறதெல்லாம் என்ன ஆகும் சார்?" என்றாள் முதலில் பழுதா என்று கேட்டவள். கை நின்றது. இந்தத் திரையில் முறையை மாற்ற, இருக்கும் பிரிவுகளை எல்லாம் நீக்க வேண்டும். கோப்புகளுக்கு வேறு நகலே இல்லை.

இரண்டு மாலைகள் உட்கார்ந்து வேறு இரு டிஸ்குகளில் நகலெடுத்தோம். கோப்புகளைத் திறந்து சரிபார்த்த பிறகே மாற்றினோம். முழு 3726 ஜி.பி.யும் வந்தது.

ஆசிரியர்கள் கவனத்திற்கு: 2 டி.பி.க்கு மேற்பட்ட புதிய டிஸ்கைத் தொடக்கத்திலேயே ஜி.பி.டி. முறையில் அமையுங்கள். கோப்பு சேமிக்க மட்டும் என்றால் இது போதும். அதிலிருந்தே விண்டோஸ் இயங்க வேண்டுமானால் கணினியில் யு.இ.எஃப்.ஐ. வசதி வேண்டும். ஏற்கெனவே கோப்புகள் இருந்தால், முதல் வேலை நகலெடுப்பதுதான்.

இருநிலை எண் எதற்கு என்று இந்த வகுப்பில் அதன்பின் யாரும் கேட்கவில்லை.