தந்தைமையும் பற்றின்மையும்

இல்லறத்தில் இருந்தபடியே ஆன்மீக வாழ்வில் முன்னேற விரும்பும் அன்பர்கள், குறிப்பாக இளம் தந்தையர், அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. வாரம் முழுவதும் அலுவலகம். கிடைப்பதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று சத்சங்கத்திற்குச் செல்வதா, குழந்தைகளைப் பூங்காவிற்கு அழைத்துச் செல்வதா? மாலையில் ஜபத்திற்கு அமரும்போது மூன்று வயதுக் குழந்தை மடியில் ஏறிக்கொண்டால் குழந்தையை இறக்கிவிடுவதா, ஜபமாலையைக் கீழே வைப்பதா?

சிலர் இதைவிட ஒரு படி மேலே சென்று கேட்கிறார்கள். மனைவி மக்களிடம் மனம் ஒட்டிக்கொள்வது பந்தம் என்று சாஸ்திரங்கள் கூறுகின்றனவே, அப்படியானால் குழந்தைகளிடமிருந்து சற்று விலகி இருப்பதுதானே சாதகனுக்கு அழகு என்கிறார்கள்.

இந்தக் கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. இதற்குத் தவறான விடையைக் கைக்கொண்டால் இரண்டு இழப்புகள் நேரும். விலகி அமர்ந்து செய்யும் சாதனையில் அன்பின் ஈரம் வற்றிப்போகும். தந்தை வீட்டில் இருந்தும் தந்தை இல்லாத குழந்தை ஒன்று அந்த வீட்டில் வளரும். ஆகவே சாஸ்திரம் உண்மையில் என்ன கூறுகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

கீதை கேட்பது எது?

பகவத்கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் பகவான் ஞானத்தின் இலக்கணமாக இருபது பண்புகளை அடுக்கிச் சொல்கிறார். அவற்றுள் இரண்டு நம் கேள்வியோடு நேரடியாகத் தொடர்புடையவை. ஒன்று அஸக்தி, அதாவது பற்றின்மை. மற்றொன்று புத்திரன், மனைவி, வீடு முதலியவற்றில் அநபிஷ்வங்கம். விலகி இருக்க விரும்புவோர் ஆதாரமாகக் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

அபிஷ்வங்கம் என்ற சொல்லை ஸ்ரீசங்கரர் தமது பாஷ்யத்தில் நுட்பமாக விளக்குகிறார். அது சாதாரண அன்பைக் குறிக்கும் சொல் அல்ல. வேறொருவரைத் 'தான்' என்றே பாவித்து, அவருடைய சுகதுக்கங்களையும் வாழ்வு சாவுகளையும் தன் மேலேயே ஏற்றிக்கொள்ளும் தீவிரமான பற்று அது. குழந்தை முதல் மதிப்பெண் பெற்றால் 'நான் வென்றேன்' என்றும், பிறர் முன்னிலையில் பாட மறுத்தால் 'என் மானம் போயிற்று' என்றும் தந்தை நினைக்கிறாரே, அந்த 'நான்'தான் அபிஷ்வங்கம். நீக்கச் சொல்வது இதைத்தான். அன்பை நீக்கச் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே பட்டியலில் அஹிம்சை இருக்கிறது. க்ஷாந்தி என்ற பொறுமை இருக்கிறது. ஆர்ஜவம் என்ற நேர்மையும், தற்பெருமை இன்மையும், பகட்டு இன்மையும் இருக்கின்றன. ஒரே கேள்வியைப் பத்தாவது முறையாகக் கேட்கும் குழந்தையை, பற்றின்மை என்ற பெயரில் எரிச்சலுடன் தள்ளிவிடுபவர் ஒரு பண்பைக் காப்பதாக எண்ணி மற்றொரு பண்பை இழக்கிறார். அப்படிப்பட்ட விலகலுக்குப் பற்றின்மை என்று பெயரில்லை. பெரும்பாலும் அதன் பெயர் சோம்பல்.

எனவே கீதை கேட்பது இதுதான்: குழந்தையோடு முழுமையாக இரு, குழந்தையை 'நான்' ஆக்கிக்கொள்ளாதே. சொல்வதற்கு இது எளிது. ஒரு தந்தையின் நாளில் இது எப்படி நடைமுறைக்கு வரும்? இதற்குச் சிறந்த உதாரணம் ஒன்று வங்காளத்தில் இருக்கிறது.

ஒரு தந்தையும் பதினொரு வயது மகனும்

1873-ஆம் ஆண்டு. பிரம்ம சமாஜத்தின் தலைவர்களுள் ஒருவரும், மக்களால் மகரிஷி என்று போற்றப்பட்டவருமான தேவேந்திரநாத தாகூர், அப்போதுதான் உபநயனம் முடிந்திருந்த தம் மகன் ரவீந்திரநாதனை இமயமலைக்கு அழைத்துச் சென்றார். மகனுக்கு வயது பதினொன்று. தந்தை பெரும்பாலும் பிரயாணத்திலேயே இருந்ததால், கல்கத்தாவின் பெரிய வீட்டில் வேலைக்காரர்களின் கண்காணிப்பிலேயே வளர்ந்த சிறுவன் அவன். அந்தச் சில மாதங்களில் நடந்தவற்றைப் பிற்காலத்தில் கவி ரவீந்திரநாதர், 1912-இல் நூலாக வெளிவந்த தமது 'ஜீவன்ஸ்மிருதி'யில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

முதலில் அவர்கள் தங்கிய இடம் போல்பூருக்கு அருகிலுள்ள சாந்திநிகேதனம். மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்கள் நிறைந்த வெட்டவெளி அது. மகன் அங்கே தன் விருப்பம் போல் சுற்றித் திரிவதைத் தந்தை தடுக்கவில்லை. சிறுவன் பல வகையான கூழாங்கற்களைப் பொறுக்கிச் சட்டையில் கட்டிக்கொண்டு வந்து காட்டுவான். குப்பை என்று தந்தை ஒருநாளும் சொன்னதில்லை. வியந்து பாராட்டியதோடு, தாம் அதிகாலையில் பிரார்த்தனைக்கு அமரும் மண்மேட்டை அந்தக் கற்களால் அலங்கரிக்கும்படியும் கூறினார். ஒரு பள்ளத்தில் ஊற்றுநீர் தேங்கிய சிறு குட்டையைக் கண்டு மகன் ஓடிவந்து சொன்னபோது, இனி நமக்குக் குடிநீர் அங்கிருந்தே வரட்டும் என்று ஏற்பாடு செய்தார்.

பொறுப்புகளையும் கொடுத்தார். சில்லறைக் காசுகளைக் கொடுத்து, பிச்சைக்காரர்களுக்குத் தர்மம் செய்து கணக்கு எழுதி வைக்கச் சொன்னார். கணக்கு ஒருநாளும் சரியாக வரவில்லை. ஒருமுறை கையிருப்பு கணக்கைவிட அதிகமாகவே இருந்தது! உன்னையே காசாளராக வைத்துக்கொள்ள வேண்டும், உன் கையில் பணம் வளர்கிறதே என்று தந்தை வேடிக்கையாகச் சொன்னாராம். விலையுயர்ந்த தங்கக் கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுக்கும் வேலையும் மகனுடையது. அளவு கடந்த உற்சாகத்தில் அவன் முறுக்கிய முறுக்கில், கடிகாரம் விரைவிலேயே பழுது பார்ப்பதற்காகக் கல்கத்தாவுக்குப் போக நேர்ந்தது. கெட்டுப்போகலாம் என்று தெரிந்தேதான் தந்தை அதைக் கொடுத்திருந்தார். பழுதில்லாத கடிகாரத்தைவிடப் பொறுப்புணர்ந்த மகன் அவருக்கு முக்கியம். தமக்கு மிகவும் பிடித்த கீதை சுலோகங்களைக் குறித்துக் கொடுத்து, அவற்றை மொழிபெயர்ப்புடன் நகல் எடுக்கச் சொன்னதும் இந்நாட்களில்தான்.

பிறகு இரயில் பயணம். வழியில் ஒரு நிலையத்தில், பையனுக்குப் பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்கும் என்று சந்தேகித்த நிலைய அதிகாரி முழுக்கட்டணம் கேட்டார். வயதுக்கு மீறிய வளர்த்தி அவனுக்கு. தந்தை வாதாடவில்லை; பணத்தைக் கொடுத்தார். மீதிச் சில்லறை திரும்பி வந்தபோது அதை நடைமேடையில் வீசிவிட்டார். சிறு தொகைக்காகப் பொய் சொல்வார் என்று தம்மைப் பற்றி ஒருவர் எண்ணியதே அவருக்குத் தாங்கவில்லை. உண்மையைப் பற்றி அன்று அவர் மகனுக்கு எந்த உபதேசமும் செய்யவில்லை. கற்களின் மீது நாணயங்கள் விழுந்த ஓசையோ அம்மகனின் நினைவில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒலித்தது.

அமிருதசரஸில் பல காலைகளில் இருவரும் பொற்கோயிலுக்கு நடந்து சென்றனர். சீக்கிய அன்பர்களிடையே அமர்ந்து, அவர்களது வழிபாட்டுப் பாடலில் தந்தையும் தம் குரலைச் சேர்த்துப் பாடுவார். திரும்பும்போது கையில் பிரசாதமாகக் கற்கண்டு இருக்கும். எல்லா வழிபாடும் வணக்கத்திற்குரியது என்று சொல்லித்தர வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

டல்ஹௌசி மலையில் கண்டிப்பும் இருந்தது. விடியுமுன் எழுந்து சம்ஸ்கிருதப் பாடம். குளிர்ந்த நீரில் குளியல். ஒருநாள் பணப்பெட்டியை உரிய கையில் ஒப்படைக்காமல் மேஜையின்மேல் வைத்துவிட்டதற்காக மகன் கண்டிக்கவும்பட்டான். ஆனால் பாடம் முடிந்தபின், இரும்புப் பூண் போட்ட கோலை ஊன்றிக்கொண்டு அவன் மலைச்சரிவுகளில் தனியே அலைந்தபோது தந்தை தடை விதிக்கவில்லை. பிரயாண விடுதிகளில் அந்தி வேளையில் வெளியே அமர்ந்து, தெளிந்த மலைவானில் தோன்றும் நட்சத்திரங்களையும் கிரகங்களையும் அடையாளம் காட்டிப் பேசுவார்.

இந்த அனுபவங்களைத் தொகுத்து ரவீந்திரநாதர் கூறும் கருத்து சிந்திக்கத்தக்கது. பிற்காலத்தில் தாம் தந்தைக்குப் பிடிக்காத பலவற்றைச் செய்ததுண்டு. ஒரு சொல்லால் அவர் தடுத்திருக்கலாம். ஆனால் உள்ளிருந்தே உணர்வு எழும்வரை அவர் காத்திருந்தார் என்கிறார். சிறுவனாகக் கூழாங்கற்களைப் பொறுக்கித் திரிந்த அதே சாந்திநிகேதனத்தில்தான், 1901-இல், மரத்தடியில் குழந்தைகள் சுதந்திரமாகக் கற்கும் பள்ளியை அவர் தொடங்கினார்.

இதிலிருந்து நாம் அறிவது

தேவேந்திரநாதர் தியானத்தில் ஆழ்ந்த சாதகர். பிரயாணத்தில் அவரது அதிகாலைப் பிரார்த்தனை தவறவில்லை. மகனுக்காகத் தம் சாதனையை அவர் கைவிடவில்லை. சாதனைக்காக மகனை ஒதுக்கவுமில்லை. தம் பிரார்த்தனை மேட்டுக்கே மகனின் கற்களைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அவரிடம் அன்பு இருந்தது, அபிஷ்வங்கம் இல்லை. மகன் இழைக்கும் பிழை தம் தோல்வி என்று அவர் பதறவில்லை. ஆகவேதான் கணக்கு தவறியபோது அவரால் சிரிக்க முடிந்தது. மகன் தம்முடைய நகல் அல்ல, தனக்கென்று சம்ஸ்காரங்களுடன் வந்த ஒரு ஜீவன் என்ற தெளிவு இருந்ததால், காத்திருக்கவும் முடிந்தது. நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பதும், பிழைக்கு இடம் கொடுப்பதும், தாம் வாழ்ந்து காட்டிவிட்டு மௌனமாக இருப்பதும் பற்றற்ற அன்பின் வெளிப்பாடுகளே.

நமது ஞாயிற்றுக்கிழமைகள்

இமயமலைப் பயணம் எல்லாருக்கும் வாய்க்காது. அவசியமும் இல்லை. காய்கறிச் சந்தைக்குச் செல்லும் அரைமணி நேரம் போதும். பத்து ரூபாயைக் குழந்தையின் கையில் கொடுத்து, கொத்தமல்லி வாங்கி மீதியைக் கேட்டு வரச் சொல்லுங்கள். பூங்காவில் எறும்பு வரிசையைப் பார்த்து அது அமர்ந்துவிட்டால், நீங்களும் அருகில் அமருங்கள். அந்த நேரத்தில் கைப்பேசி உங்கள் பையிலேயே இருக்கட்டும். வெளியே சென்றதன் நோக்கம் புகைப்படம் எடுத்துப் பிறருக்கு அனுப்புவது என்று ஆகிவிட்டால், குழந்தை நம் பெருமைக்கான பொருளாகிவிடுகிறது. பகட்டு இன்மையைப் பயில இதைவிட நல்ல இடம் வேறு ஏது? போக்குவரத்து மிகுந்த சாலையில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மணல்வெளியில் விட்டுவிட வேண்டும். எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்ற இந்த விவேகமே தந்தையின் சாதனை.

முதலில் எழுந்த கேள்விக்கு இப்போது விடை கூறலாம். ஜபத்திற்குரிய நேரத்தை விட்டுவிடாதீர்கள்; வீடு விழிக்கும் முன் எழுந்து அதை நிறைவேற்றுங்கள். மாலையில் மடியில் ஏறும் குழந்தையை இறக்கிவிடவும் வேண்டாம். நாமத்தைச் சொல்லியபடியே அணைத்துக்கொள்ளுங்கள், ஜபமாலை பொறுத்துக்கொள்ளும். குழந்தையோடு கூடிய சத்சங்கத்திற்குச் செல்லும் நாளில் செல்லுங்கள்; பூங்காவுக்குச் செல்லும் நாளில், பகவான் தம் உடைமையைச் சில காலம் என் கையில் ஒப்படைத்திருக்கிறார் என்ற எண்ணத்தோடு செல்லுங்கள்.

சில காலம் என்பதை மறக்கலாகாது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் தந்தை க்ஷுதிராமர் 1843-இல் மறைந்தபோது, 1836-இல் பிறந்த கதாதரனுக்கு வயது ஏழு. அந்த ஏழு ஆண்டுகளுக்குள், மகனை மடியில் அமர்த்தி முன்னோர்களின் பெயர்களையும், சிறு தோத்திரங்களையும், இதிகாசக் கதைகளையும் அவர் சொல்லிக் கொடுத்திருந்தார். அலுவலகத்தில் பதவி உயர்ந்த பிறகு, சொந்த வீடு கட்டிய பிறகு என்று அவர் தள்ளிப்போட்டிருந்தால்? நம்மில் எவருக்கும் எத்தனை ஞாயிறுகள் மீதமிருக்கின்றன என்று தெரியாது. ஆயுள் முழுதும் இருந்தாலும், குழந்தை தானாகக் கையை நீட்டி நம் விரலைப் பற்றும் காலம் சில ஆண்டுகளே.

நம் விரலைப் பற்றிய கை ஒருநாள் தானே விடுபட்டு நடக்கத்தான் போகிறது. அன்று மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுக்க இன்று பயில்வோமாக. அதற்கான பொறுமையையும் தெளிவையும் பகவான் நமக்கு அருள்வாராக.

சிந்தனைக்கு

1. குழந்தையிடம் நீங்கள் கடைசியாகக் கோபித்த தருணத்தை எண்ணிப் பாருங்கள். குழந்தையின் நன்மை கருதி எழுந்த கோபமா, உங்கள் மானம் கருதி எழுந்ததா?

2. கெட்டுப்போனாலும் பரவாயில்லை என்று, இவ்வாரம் எந்தப் பொறுப்பைக் குழந்தையிடம் ஒப்படைப்பீர்கள்?

3. நீங்கள் வாய் திறந்து உபதேசிக்காமல், உங்களைப் பார்த்தே குழந்தை கற்றுக்கொண்டது எது? அது நீங்கள் விரும்பியதுதானா?